பண்ணை இரும்புக்குப் பெயிண்ட் தெளிக்கும் முறை



சம்பா அறுவடை முடிந்து நெல்லும் வைக்கோலும் வீடு சேர்ந்த பிறகு, டெல்டாப் பக்கத்தில் கொஞ்ச நாள் மூச்சுவிட நேரம் கிடைக்கும். மாசி, பங்குனி மாதங்களைச் சொல்கிறேன். டிரெய்லர், சுழல் கலப்பை, கேஜ் வீல் எல்லாம் காய்ந்த சேறோடு கொட்டகையில் நிற்கும். "இந்த வருஷமாவது இதுக்கு ஒரு பெயிண்ட் அடிச்சிடணும்" என்று நினைப்பதும் இந்தச் சமயத்தில்தான். கம்ப்ரசர் வாடகைக்குக் கிடைக்கிறது. கடையில் கையால் அழுத்தித் தெளிக்கிற டப்பாப் பெயிண்டும் விற்கிறது. ஆகவே பிரஷ்ஷை விட்டுவிட்டுத் தெளிப்பு முறைக்குப் பலர் வந்திருக்கிறார்கள். இதில் வழவழப்பாக, நீடித்து நிற்கிற மாதிரி எப்படி அடிப்பது என்று இன்றைக்குப் பேசலாம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் அப்பா பழைய டிரெய்லர் ஒன்று வாங்கினார். விஞ்ஞானம் படித்தவன் என்ற தைரியத்தில் நானே பெயிண்ட் தெளித்தேன். டீசலில் துணியை நனைத்து ஒரு துடை துடைத்தேன். மேலாகத் தேய்த்தேன். ஒரே நாளில் பிரைமரும் பெயிண்டும் அடித்து முடித்தேன். ஊரே பார்த்து "பளபளன்னு இருக்கு தம்பி" என்றது. ஐப்பசி மழை வந்தது. பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு எழும்பியது. மறு வருஷம் டிரெய்லரை விற்க வேண்டிய நெருக்கடி. பார்க்க வந்த தரகர் ஒன்றும் பேசவில்லை, கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் ஒரு நெம்பு நெம்பினார். உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்து விழுந்தது. அடியில் தகடு சல்லடையாக இருந்தது. அங்கேயே விலை இறங்கிப் போயிற்று. அப்பா என்னைப் பார்த்து, "ஏண்டா, மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி இலையைத் திருப்பிப் பாருன்னு ஊருக்கெல்லாம் சொல்றே, நீ இரும்பைப் பாத்தியா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பட்டறைக்காரர்களிடம் உட்கார்ந்து இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. இதில் உப்பும் சேர்ந்துவிட்டால் துரு ஓட்டமாக ஓடும். நம் டிரெய்லர் ஏற்றுவதெல்லாம் என்ன? பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட், ஈரச் சாணி. மூட்டையிலிருந்து சிந்தின உரம் தகட்டின் மூலையில் தங்கி, பனி ஈரத்தில் கரைந்து, இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். துரு உண்டாகும்போது அது தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் எடுத்துக்கொள்கிறது. எனவே பெயிண்டுக்கு அடியில் துரு இருந்தால் அது பெயிண்டை நெம்பித் தள்ளிவிடும். மேலே எத்தனை விலை உயர்ந்த எனாமல் போட்டாலும் இதே கதிதான்.

ஒரு முறை கூட்டத்தில் பெரியவர் ஒருவர் என்னை மடக்கினார். "ரெட் ஆக்ஸைடுன்னா இரும்பு ஆக்ஸைடு. துருவும் இரும்பு ஆக்ஸைடு. அப்புறம் துருவை எதுக்கு சார் சொரண்டணும்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே?" நல்ல கேள்வி. இரண்டும் உறவுக்காரர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரைமரில் இருக்கிற ஆக்ஸைடு நைசாக அரைத்து, ஈரமில்லாமல், பிசினில் குழைத்தது. இரும்பில் பிடித்த துரு பொருபொருவென்று இருக்கும். ஈரத்தையும் உப்பையும் பஞ்சு மாதிரி உள்ளே வைத்திருக்கும். மணல்மேட்டில் சிமெண்ட் பூசினால் நிற்குமா? அது போலத்தான் இதுவும்.

ஆகவே சுத்தம் செய்வதுதான் வேலையில் முக்கால் பங்கு. இதிலும் ஒரு வரிசை இருக்கிறது. உப்பு தண்ணீரில் கரையும், தின்னரில் கரையாது. கிரீஸும் எண்ணெயும் தின்னரில் கரையும், வெறும் தண்ணீரில் கரையாது. அதனால் இரண்டு கழுவலும் வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீர் விட்டு, மூலை முடுக்கு எல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவிடுங்கள். கிரீஸ் படிந்த இடங்களைத் தின்னரால் துடைத்து எடுங்கள். இதைத் தேய்ப்பு வேலைக்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்புத்தாள் கிரீஸை இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் திணித்துவிடும்.

பிறகு துருவை எடுங்கள். கட்டியாக இருக்கிற இடத்தைச் சுரண்டிவிட்டு, கம்பி பிரஷ் போட்டு, 80-ம் நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். குழிக்குள் இருக்கிற துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி கிடைக்கிறது. கையுறை போட்டுத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் வைத்து, கழுவி, உடனே காயவைக்க வேண்டும். பழைய பெயிண்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதை முழுக்க எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பெயிண்ட் முடிந்து இரும்பு ஆரம்பிக்கிற ஓரம் படி போல நிற்கக் கூடாது. விரலால் தடவினால் தட்டுப்படாத அளவுக்கு அந்த ஓரத்தை 180-ம் நம்பர் தாளால் இழைத்துவிடுங்கள். அந்தப் படியை எந்தப் பெயிண்டும் மறைக்காது. தெளித்து முடித்து வெயிலில் பார்த்தால் வரப்பு மாதிரித் தெரியும்.

கடைசியாக ஒரு முறை தின்னர்த் துடைப்பு. இதற்கு இரண்டு துணி வேண்டும். ஒன்று தின்னரில் நனைத்தது, இன்னொன்று உலர்ந்தது. நனைந்த துணியால் துடைத்த கையோடு, தின்னர் ஆவியாவதற்குள் உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். விட்டுவிட்டால் தின்னர் பறந்து போகும், கரைந்த எண்ணெய் மறுபடி அங்கேயே படியும். டீசலும் மண்ணெண்ணெயும் இந்த வேலைக்கு ஆகாது. அவை அழுக்கை எடுக்கும். ஆனால் தாமே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். நான் அப்பாவிடம் பேச்சு வாங்கியது இதனால்தான். சுத்தமாகிவிட்டதா என்று சந்தேகம் இருந்தால் ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தாமரை இலையில் மாதிரி முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இருக்கிறது. விரித்த துணி மாதிரிப் பரவி நின்றால் சுத்தம். தண்ணீரைத் துடைத்து நன்றாக உலரவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். தேய்த்த இரும்பை ஒரு இரவு பனியில் விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். தேய்த்த இடத்தை வெறுங்கையால் தொடவும் வேண்டாம். வியர்வையில் உப்பு இருக்கிறது.

பிரைமர் எதற்கு என்று கேட்பீர்கள். நாற்றுக்கும் மண்ணுக்கும் நடுவில் வேர் மாதிரி, இரும்புக்கும் பெயிண்டுக்கும் நடுவில் பிடிமானம் கொடுப்பது பிரைமர். துருவைத் தடுக்கிற சரக்கும் அதில் இருக்கும். சாதாரண இரும்புக்கு ரெட் ஆக்ஸைடு, அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடாக இருந்தால் விஷயம் வேறு. சாதாரண எண்ணெய்ப் பிசின் கலந்த பிரைமர் துத்தநாகத்தோடு சேர்ந்து நாளடைவில் சோப்பு மாதிரி ஒரு படலமாக மாறி உரிந்துபோகும். ஜி.ஐ. தகட்டுக்கென்று தனிப் பிரைமர் இருக்கிறது. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. பிரைமர் மட்டும் அடித்துவிட்டு, "பெயிண்ட் அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று மழையில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். பிரைமர் நுண்ணிய துளைகள் உள்ள பூச்சு. அது தானாகத் தண்ணீரைத் தடுக்காது. மேலே எனாமல் மூடினால்தான் வேலை முடிந்தது. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கையில் வந்த பிறகு ஆரம்பிப்பதே நல்லது.

இனித் தெளிப்புக்கு வருவோம். கைத்தெளிப்பானில் மருந்து அடித்துப் பழகியவர்களுக்கு இது பாதி தெரிந்த வேலைதான். துளி பெரிதானால் வழியும், ரொம்பச் சிறிதானால் காற்றில் போகும், தூரம் அதிகமானால் பயிரில் படாது. இவை அனைத்தும் இங்கேயும் அப்படியே பொருந்தும். அதற்காக மருந்து அடிக்கிற தெளிப்பானிலேயே பெயிண்டை ஊற்றிவிடாதீர்கள். தின்னர் பட்டால் வாஷர்கள் உப்பிக் கெட்டுப்போகும். பெயிண்ட் துப்பாக்கி, பெயிண்டைக் காற்றால் உடைத்துப் பொடித்துளியாக்குகிறது. கைத்தெளிப்பானில் அந்தக் காற்று இல்லை.

பெயிண்டை எவ்வளவு இளக்குவது? பட்டறையில் போர்டு கப் என்று ஒரு கிண்ணம் வைத்திருப்பார்கள். அடியில் ஓட்டை இருக்கும். பெயிண்ட் அதில் ஒழுகித் தீரும் நேரத்தை அளப்பார்கள். 4-ம் நம்பர் கப்பில் சுமார் 20 முதல் 25 வினாடி என்றால் சாதாரணத் துப்பாக்கிக்குச் சரி. கப் இல்லாதவர்கள் ஒரு குச்சியை முக்கி எடுங்கள். நூல் மாதிரி இறங்கி, சிறிது நேரத்தில் சொட்டுச் சொட்டாக மாற வேண்டும். நூல் அறாமல் இறங்கிக்கொண்டே இருந்தால் கெட்டி, எடுத்தவுடனே சொட்டினால் நீர்த்துவிட்டது. எனாமலுக்கு டர்பன்டைன் அல்லது டப்பாவில் சொன்ன தின்னரைத்தான் ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றினால் பெயிண்ட் லேசில் காயாது, மினுமினுப்பும் போகும். பெட்ரோல் ஊற்றுவது உயிரோடு விளையாடுவது. கலந்த பெயிண்டைப் பழைய நைலான் சேலைத் துண்டில் வடிகட்டுங்கள். வீட்டில் கேட்டு எடுங்கள், கேட்காமல் எடுத்த சேலையால் வருகிற தொந்தரவுக்கு நான் பொறுப்பில்லை.

கம்ப்ரசர் டேங்கின் அடியில் உள்ள குழாயைத் திறந்து, தேங்கிய தண்ணீரை முதலில் வெளியேற்றுங்கள். காற்றில் தண்ணீரோ எண்ணெயோ கலந்து வந்தால் பெயிண்டில் வட்ட வட்டமாகக் குழி விழும். பட்டறையில் அதை மீன்கண் என்பார்கள். காற்றழுத்தம் துப்பாக்கியில் 40 முதல் 50 பவுண்டு இருக்கலாம். முதலில் ஒரு பழைய தகட்டில் அடித்துப் பாருங்கள். துளி ஒரே சீராக விசிறி மாதிரி விழ வேண்டும். ஒரு பக்கம் கனமாக விழுந்தால் நாசிலில் அடைப்பு இருக்கிறது.

துப்பாக்கி தகட்டிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலத்தில் இருக்கட்டும். ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளலாம். டப்பாப் பெயிண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு அங்குலம். டப்பாவை, உள்ளே குண்டு கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்த பிறகும், ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். இனி முக்கியமான சங்கதி கையசைவு. நாம் பழக்கத்தில் மணிக்கட்டைத் திருப்பி, அரிவாள் வீசுகிற மாதிரி வளைத்து அடிப்போம். வளைத்தால் நடுவில் கனமாகவும் இரண்டு கடைசியிலும் மெலிசாகவும் விழும். மணிக்கட்டை அசைக்காமல் கை முழுவதையும் தகட்டுக்கு இணையாக நகர்த்துங்கள். வேண்டுமானால் உடம்போடு நகருங்கள். வேகம் வினாடிக்கு ஒரு அடி. தகட்டின் ஓரத்துக்கு வெளியிலேயே விசையை அழுத்தி ஆரம்பியுங்கள், மறு ஓரம் தாண்டிய பிறகு விடுங்கள். தகட்டின் நடுவில் நின்று விசையை அழுத்தினால் அங்கே ஒரு குட்டை கட்டும். ஒரு ஓட்டத்தின் மேல் அடுத்த ஓட்டம் பாதிக்குப் பாதி ஏற வேண்டும். முதலில் மூலை, விளிம்பு, வெல்டிங் ஓரம், பிறகு நடுப்பரப்பு. துரு முதலில் ஆரம்பிப்பது விளிம்பில்தான். பெயிண்ட் விளிம்பில் நிற்காமல் உள்வாங்கும்.

ஒரே பூச்சில் மறைக்க நினைப்பதுதான் பெரிய தவறு. காய்ந்த ஒரு பூச்சு சுமார் 20, 30 மைக்ரான்தான் வரும், தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை. பிரைமர் இரண்டு மெல்லிய பூச்சு. முழுக்கக் காய்ந்த மறுநாள் 400-ம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, கை கனம் கொடுக்காமல் இழையுங்கள். இரும்பு வெளியே தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்கு மறுபடி பிரைமர் வேண்டும். அலசி, நன்றாகக் காயவைத்து, தூசியைத் துடைத்துவிட்டு எனாமலுக்குப் போகலாம். முதலில் பனி விழுந்த மாதிரி ஒரு தூவல். அது லேசாக ஒட்டுப் பிடித்ததும் அதன் மேல் ஈரப் பளபளப்பு தெரிகிற அளவுக்கு ஒரு பூச்சு. மூன்றாவது பூச்சு அடுத்த நாள்.

என்ன செய்தும் கோளாறு வரும். வழிந்துவிட்டால் ஈரத்தில் தொடாதீர்கள். காய்ந்த பிறகு 400-ல் இழைத்து மேலே ஒரு பூச்சு கொடுங்கள். ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தால், துளிகள் ஒன்றோடொன்று கலந்து பரவவில்லை என்று பொருள். தோசை மாவு கெட்டியாக இருந்தால் கல்லில் பரவாதில்லையா, அது மாதிரி. பெயிண்ட் கெட்டி, அல்லது காற்று போதவில்லை. கையில் சொரசொரவென்று மாவு மாதிரி ஒட்டினால், தூரத்திலிருந்து அடித்திருக்கிறீர்கள். துளி வழியிலேயே காய்ந்துவிட்டது. இதை அழகுக் குறை என்று மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்தச் சொரசொரப்புக்குள் தண்ணீரும் உர உப்பும் தங்கும். வழவழப்பு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுவே. சுருக்கம் விழுந்தால், மேல்தோல் காய்ந்து அடியில் ஈரம் நின்றுவிட்டது. அல்லது எனாமல் மேல் என்.சி. பெயிண்டை அடித்து, அதன் தின்னர் கீழ்ப்பூச்சை அரித்துவிட்டது. ஒரு சாதியின் மேல் வேறு சாதிப் பெயிண்ட் போகிறதா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரக்காற்று நாளில் என்.சி. பெயிண்ட் வெளுத்துப் போவதையும் பார்த்திருப்பீர்கள். தின்னர் ஆவியாகும்போது, மண்பானைத் தண்ணீர் குளிர்கிற மாதிரித் தகடு குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் பனியாகப் படிகிறது.

அதனால் நேரம் பார்த்து அடியுங்கள். காலையில் பனி விலகி, தகடு தொட்டால் ஈரமில்லாமல் இருக்கிற ஒன்பது மணி வாக்கில் ஆரம்பித்தால் நல்லது. உச்சி வெயிலில் கை வைக்க முடியாத தகட்டில் வேண்டாம். சாயங்காலம் அடித்தால் காய்வதற்குள் பனி இறங்கும். ஆடிக் காற்றில் அடித்தால் பாதிப் பெயிண்ட் அடுத்த வீட்டுக்காரர் சுவருக்குப் போகும்.

எங்கே அடிக்கக் கூடாது என்பதும் வேண்டும். ஹைட்ராலிக் கம்பியின் பளபளப்பான தண்டு, கிரீஸ் நிப்பிள், மரை, டயர், இயந்திர எண் தகடு இவற்றைக் காகிதம் ஒட்டி மூடிவிடுங்கள். மண்ணைக் கிழிக்கிற கொழு, சுழல் கலப்பைக் கத்தி இவற்றுக்குப் பெயிண்ட் வீண் செலவு. முதல் சாலிலேயே போய்விடும். கழுவித் துடைத்துக் கிரீஸ் தடவி வையுங்கள். கேஜ் வீலிலும் சேற்றை மிதிக்கிற பட்டையில் நிற்காது. வளையத்துக்கும் ஆரக்காலுக்கும் அடித்தால் பலன் உண்டு.

ஈயத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய இரும்பில் செந்தூரப் பூச்சு இருக்கலாம். அது ஈயம். பழைய மஞ்சள், ஆரஞ்சு வண்ணப் பெயிண்டுகளிலும் ஈயம் உண்டு. வீட்டுப் பெயிண்டிலும் அலங்காரப் பெயிண்டிலும் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி செய்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்த விதி வீட்டுப் பெயிண்டோடு நின்றுவிடுகிறது, இயந்திரங்களுக்கு அடிக்கிற தொழிற்சாலைப் பெயிண்டுக்கு இல்லை. ஆகவே பழைய பூச்சை உலரத் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள், நனைத்துத் தேயுங்கள். அந்தத் தூளும் செதிலும் தொழுவத்திலோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ சிந்தக் கூடாது. கால்நடைகளுக்குப் பெயிண்டை நக்குகிற பழக்கம் உண்டு. ஈயம் உள்ளே போன கன்று கண் தெரியாமல் முட்டிக்கொண்டு, வலிப்பு வந்து செத்துப்போகும். டிரெய்லருக்கு அடித்து மீந்ததை எடுத்துவைத்து மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசுகிறோமே, அதுவும் வேண்டாம். ஒரு மாடு இன்னொரு மாட்டை நக்கும். தீவனத் தொட்டியின் உள்பக்கத்துக்கும் இந்தப் பெயிண்ட் ஆகாது.

தெளிப்பதை வைக்கோல் போர் பக்கத்தில் செய்யாதீர்கள். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய், பத்தடி தள்ளிப் பீடி பற்றவைக்கிறவரிடம் நெருப்பை வாங்கிக்கொண்டு திரும்பி வரும். அடுப்பு, வெல்டிங், பீடி எதுவும் பக்கத்தில் கூடாது. திறந்த, காற்றோட்டமான இடம் வேண்டும். முகத்தில் துண்டு கட்டினால் துளியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி வாங்குங்கள். மருந்து அடிக்கவும் உதவும், ஆனால் வடிகட்டியைக் காலத்தில் மாற்ற வேண்டும். கார் பட்டறையில் இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பி.யு. பெயிண்ட் மிகப் பளபளப்பாக இருக்கிறது என்று ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். அதன் கெட்டிப்படுத்தியில் உள்ள ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். தனிக் காற்றுக் குழாய் வைத்த முகமூடியில்லாமல் அதைத் தொட வேண்டாம். டிரெய்லருக்கு எனாமல் போதும்.

தீர்ந்த டப்பாவைக் குத்தவோ நெருப்பில் போடவோ வேண்டாம், அது வெடிக்கும். தீராத டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வருகிற வரை அழுத்திவிட்டு எடுத்து வைத்தால் அடுத்த முறை நாசில் அடைக்காது. துப்பாக்கியை வேலை முடிந்த அந்த நிமிஷமே தின்னர் விட்டுக் கழுவுங்கள். கழுவின தின்னரை வாய்க்காலில் ஊற்றாமல் ஒரு டப்பாவில் மூடி வைத்தால், மறுநாள் வண்டல் அடியில் தங்கித் தெளிந்துவிடும். மேலே உள்ளதை அடுத்த கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடித்து முடித்த டிரெய்லரில் உடனே பாரம் ஏற்றாதீர்கள். எனாமல் தொட்டால் ஒட்டாத நிலைக்கு சில மணி நேரத்தில் வந்துவிடும், ஆனால் உள்ளே கெட்டிப்பட ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் உர மூட்டை உரசினால் அத்தனையும் போச்சு. மேட்டூர் திறப்புக்கு ஜூன் 12 என்று ஒரு தேதி வைத்திருக்கிறோம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். சித்திரைக்குள் பெயிண்ட் வேலை முடிந்திருந்தால் குறுவைக்கு வண்டி தயார்.